ஆடியில் வைத்த அம்புக்குறி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது என் கைப்பேசி அடிக்கும். மூன்று வருடமாக அடித்தது. கூப்பிடுவது குடோன் அக்கா. நான் எடுத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்பேன். கம்பியைப் பிடித்தபடி, கைப்பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். இவள் இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு வேலை நின்றுபோகும் என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெரியட்டுமே என்ற எண்ணம்தான்.

குடோன் அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் ஒரு வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் அண்டாவும் நாற்காலியும் ஷாமியானாவும் அங்கிருந்துதான் போகும். கடை ஊருக்குள். சாமான்கள் கிளியனூர் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட பெரிய குடோனில். அந்தக் குடோனுக்குப் பொறுப்பு இந்த அக்கா. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். வண்டி ஓட்டுபவர்களும் சுமை ஏற்றுபவர்களும் அவர் குரலுக்குத்தான் அசைவார்கள்.

நான் திண்டிவனத்தில், ஒரு செல்போன் கடைக்கு மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் கடைக்கான ஆர்டர் வெப்சைட்டை முதல் எழுத்திலிருந்து எழுதியவள் நான்தான். கடையில் ஆர்டர் பதிவார்கள். குடோனில் உள்ள கம்ப்யூட்டரில் அது பட்டியலாக வந்து நிற்கும். யார் வீட்டு விசேஷம், எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை நாற்காலி, சாமான் எப்போது திரும்ப வரவேண்டும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அக்கா அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, வண்டியில் சாமான் ஏறும்.

பட்டியல் ஒன்றுதான். ஆனால் அதை எந்த வரிசையில் பார்ப்பது என்பது ஒவ்வொரு நாளும் வேறு. ஒரே வண்டிதான் இருக்கிறது என்றால் ஊர்வாரியாக வேண்டும். மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் ஒரே நடையில் இறக்கிவிட்டு வந்துவிடலாம். பெரிய வண்டி வந்திருந்தால் நாற்காலி அதிகமாகக் கேட்டவர்கள் மேலே வரவேண்டும். அண்டா தட்டுப்பாடு என்றால், இன்றைக்கு யார் வீட்டிலிருந்து திரும்பி வரும் என்பது முதலில் தெரிய வேண்டும். நான் எழுதிய பட்டியலில் வரிசை ஒன்றுதான். அதை மாற்ற என்னால்தான் முடியும். அதனால் அக்கா என்னைக் கூப்பிடுவார்.

"இன்னைக்கு ஊர்வாரியா போட்டுக் குடும்மா" என்பார். நான் நின்ற இடத்திலேயே கைப்பேசி வழியாக சர்வருக்குள் நுழைந்து, ஒரே ஒரு வார்த்தையை மாற்றுவேன். தேதி என்று இருந்ததை ஊர் என்று ஆக்குவேன். அங்கே குடோனில் பட்டியல் புரண்டு படுக்கும். ஓடும் பேருந்திலிருந்து சர்வரைத் தொடுவது முறையான வேலை இல்லை. எங்கள் முதலாளிக்குத் தெரிந்தால் திட்டுவார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மாற்றும்போது எனக்கு வரும் பெருமை, சம்பளம் ஏறியபோதுகூட வந்ததில்லை.

வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அக்கா போனை வைக்க மாட்டார். கூட்டேரிப்பட்டு வரும்வரை பேச்சு ஓடும். முட்டி வலிக்கு யாரோ சொன்ன எண்ணெய், சென்னையில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவது, முந்தின நாள் கல்யாணத்தில் திரும்பி வந்த வடைச்சட்டியில் யாரோ சாம்பார் காய்ச்சி அடிப்பிடிக்க வைத்தது. வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி வைத்திருப்பதாகவும் சாயங்காலம் வண்டியில் கொடுத்து அனுப்புவதாகவும் சொல்வார், அனுப்பியும் வைப்பார். நான் "ம்", "சரி", "அப்புறம்" என்றுதான் சொல்லுவேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. வீட்டில் நானும் அம்மாவும்தான். அங்கேயும் டிவிதான் பேசும். ஆனால் ஒரு நாள் அந்த போன் வரவில்லை என்றால் எனக்கு அன்று முழுக்க யாரோடும் பேசாத மாதிரி இருக்கும். இதை அவரிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

போன வருடம் ஆடி பிறந்தபோது எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒருவன் வந்தான். மயிலம் பக்கத்துக் கல்லூரியில் படித்தவன். இரண்டு வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பியவன். எப்போதும் சிரித்த முகம். என்னை முதல் நாளே அக்கா என்றான். டீக்கடைக்காரரை அண்ணா என்றான். கீழே செல்போன் கடையில் இருப்பவர்களோடு ஒரே வாரத்தில் பிரியாணி சாப்பிடப் போனான். நான் அந்தப் படிக்கட்டில் ஐந்து வருடமாக ஏறி இறங்குகிறேன். அந்தக் கடையில் யாருக்கும் என்னோடு பிரியாணி சாப்பிடத் தோன்றியதில்லை. எனக்கு அப்போதே அவனைப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் அவன் செருப்பைக் கழற்றிப் போடும் விதம் சரியில்லை என்று சொல்லியிருப்பேன்.

பாத்திரக் கடை வேலையை முதலாளி அவனுக்கும் பார்க்கக் கொடுத்தார். ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் கூழுக்கு நாலு அண்டா, இரண்டு பெஞ்சு என்று போகும், அவ்வளவுதான். அந்த ஓய்ந்த மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் உட்கார்ந்து, பட்டியலின் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன அம்புக்குறி வைத்தான். ஊர் என்ற தலைப்பைத் தொட்டால் ஊர்வாரியாக மாறும். இன்னொரு முறை தொட்டால் தலைகீழாகும். நாற்காலியைத் தொட்டால் நாற்காலி. தேதியைத் தொட்டால் தேதி. இப்படிப் பார்ப்பவர் தொடும் தலைப்பை வைத்து வரிசையை மாற்றுவது உலகத்தில் உள்ள எல்லா வெப்சைட்டிலும் இருப்பதுதான். என்னுடையதில் மட்டும்தான் இல்லை.

மறுநாள் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியது. கைப்பேசி அடிக்கவில்லை. சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். சிக்னல் பார்த்தேன். கூட்டேரிப்பட்டில் நிறுத்தம் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அலுவலகத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தபோதுதான் அம்புக்குறிகளைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த மாதம் முழுக்க எரிந்தது. அக்கா அவனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். கரண்ட் பில்லைப் போனிலேயே எப்படிக் கட்டுவது, மகன் அனுப்பிய படம் ஏன் திறக்கவில்லை, இதெல்லாம் அவனிடம் கேட்டார். அவன் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, ஊரில் வேறு வேலையே இல்லாதவன் மாதிரி பதில் சொல்வான். ஒரு நாள் சாயங்காலம் வண்டி ஓட்டுபவர் மாடியேறி வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். நான் கை நீட்டினேன். "குடோன் அக்கா தம்பிக்குக் குடுத்து விட்டாங்க" என்றார். மல்லாட்டை. அவன் பிரித்து முதலில் என்னிடம்தான் நீட்டினான். எனக்குப் பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்புக்குறியை நான் ஏன் மூன்று வருடமாக வைக்கவில்லை என்று முதலாளி ஒரு தடவை சாதாரணமாகக் கேட்டார். பாதுகாப்புக் காரணம் என்றேன். பொய் இல்லை. எந்த வரிசை வேண்டும் என்பதை வெளியே இருப்பவர் கையில் கொடுத்தால், அவர் அனுப்பும் வார்த்தை, ஆர்டர்களைச் சேமித்து வைத்திருக்கும் தகவல்தளத்துக்கு நாம் அனுப்பும் கேள்விக்குள் அப்படியே ஒட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. விஷமம் பிடித்தவன் ஊர் என்பதற்குப் பதில் வேறு எதையாவது எழுதி அனுப்பி, பட்டியலையே அழித்துவிட்டுப் போகலாம். முதலாளி தலையாட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; எனக்கு ஆடத் தெரியும், இருந்தும் நான் கூடத்தைத்தான் குறை சொன்னேன்.

அந்தக் காரணத்தைச் சொன்ன பிறகு எனக்கே ஒரு ஆசை வந்துவிட்டது. இவன் அந்தத் தப்பைச் செய்திருப்பான் என்று நம்பி அவன் எழுதியதைத் திறந்து பார்த்தேன். செய்யவில்லை. அனுமதித்த தலைப்புகளைத் தனியாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தான். அதில் இல்லாத எந்த வார்த்தை வந்தாலும் தேதிவாரியாகத்தான் காட்டும். சரி, நாற்காலி எண்ணிக்கையை எழுத்தாக நினைத்து வரிசைப்படுத்தியிருப்பான், இருபதுக்கு முன்னால் நூறு வந்து நிற்கும் என்று பார்த்தேன். எண் எண்ணாகவே நின்றது. திரும்பும் தேதி இன்னும் முடிவாகாத ஆர்டர்கள் காலியாக வந்து உச்சியில் உட்கார்ந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தேன். அவற்றையும் ஒழுங்காகக் கடைசியில் தள்ளியிருந்தான். ஒவ்வொன்றாகச் சரியாக இருக்க இருக்க, எனக்கு ஒவ்வொரு படியாக ஆத்திரம் ஏறியது. யாருடைய வேலையையும் நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஆவணி பிறந்தது. இந்தப் பக்கத்தில் ஆடி முடிந்ததும் கல்யாணங்கள் எப்படி வரும் என்று தெரியும்தானே. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் முதல் பெரிய முகூர்த்தத்தில் விழுவார்கள். மயிலம் முருகன் கோயில் மலையில் மட்டும் ஒரே காலையில் எத்தனை தாலி ஏறும் என்று சொல்ல முடியாது. மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி இறங்கும்போது அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். மலையில் தாலி கட்டிவிட்டு, கீழே மண்டபத்திலோ தெருவில் போட்ட பந்தலிலோ சாப்பாடு. அத்தனைக்கும் அண்டா வேண்டும்.

அந்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, அலுவலகத்தில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் பட்டியலைத் திறந்தேன். தேதி என்ற தலைப்பைத் தொட்டேன். மறுநாள் தேதியிட்ட ஆர்டர்கள் முதல் பக்கம் முழுக்க நிறைந்து, இரண்டாம் பக்கத்துக்கும் வழிந்திருந்தன. இரண்டாம் பக்கத்தைத் திறந்தபோது, முதல் பக்கத்தில் பார்த்த ஒரு வீட்டின் பெயர் அங்கேயும் இருந்தது. திரும்ப முதல் பக்கம் போனேன். அதே பெயர், அதே ஊர், அதே நாற்காலி.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷத்தில்தான்.

விஷயம் இதுதான். தேதிவாரியாகக் கொடு என்று கேட்டால் தகவல்தளம் தேதியை மட்டும்தான் பார்க்கும். ஒரே தேதியில் இருப்பவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. தன் வசதிக்கு எடுத்துக் கொடுக்கும். முதல் பக்கத்துக்கு ஒரு தடவை எடுக்கும், இரண்டாம் பக்கத்துக்குத் திரும்ப முதலிலிருந்து எடுக்கும். இரண்டு தடவையும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் பந்தியில் சாப்பிட்டவரே இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டால் யாரோ ஒருவர் சாப்பிடாமல் போக வேண்டியதுதானே. இரண்டு பக்கத்திலும் ஒரு வீடு வந்தால், எந்தப் பக்கத்திலும் வராத ஒரு வீடும் இருக்கும். மொத்தக் கணக்கு மட்டும் சரியாக வரும். அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

ஆடியில் எழுதியதால் அவனுக்கு இது தெரியவில்லை. ஆடியில் பட்டியலே ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஒரே நாளில் இத்தனை பேர் கல்யாணம் பண்ணிக்கொள்கிற ஊருக்கு எழுதுகிறவன், அந்த நாளை நினைத்து எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியபோது நினைத்தேன். என்னுடைய பழைய பட்டியலில் எந்த வரிசைக்கும் பின்னால் ஆர்டர் எண் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே தேதி வந்தாலும் எண்ணில் வித்தியாசம் இருக்குமே. அதை அவன் எடுத்துப் போட்டிருந்தான். எதற்கு என்று புரியாமல் எடுத்திருப்பான். அன்று அவ்வளவு கவனமாகப் படித்தபோது நானும் அவன் எழுதியதில்தான் தப்பைத் தேடினேன், எடுத்துப் போட்டதைத் தேடவில்லை.

முறை என்னவென்றால், பக்கத்து நாற்காலியில் இருப்பவனிடம் திரும்பி, தம்பி, இதைப் பார் என்று சொல்வது. அவன் அங்கேதான் இருந்தான். வாயில் பேனாவைக் கவ்விக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். நான் முதலாளியிடம் குடோன் வரை போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டினேன். புதுச்சேரி பேருந்தைப் பிடித்து, குடோனுக்கு எதிரில் இறங்கினேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அக்கா முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அம்புக்குறியைத் தூக்கிப் போட்டுவிடு, நீயே பழைய மாதிரி போட்டுக் கொடு என்று அவர் சொல்வதாக வைத்துக்கொண்டேன். அதற்கு நான் உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது என்றும் முடிவு செய்தேன்.

குடோனில் ஒரே இரைச்சல். அண்டா உருளும் சத்தத்தில் காது அடைத்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டியலின் இரண்டு பக்கத்தையும் அச்சடித்த தாள்களோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆளே இளைத்துப்போய்விட்டாய் என்றார், டீ வாங்கிவர ஒருவரை அனுப்பினார். அந்த மலர்ச்சியே எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பிரியம் இருப்பவர் ஒரு மாதமாக எங்கே போனார்?

நேராக விஷயத்துக்கு வந்தேன். தாளை வாங்கி, இரண்டு பக்கத்திலும் ஒரே வீடு இருப்பதைக் காட்டினேன். அக்கா இரண்டாவது பக்கத்தில் அதை ஏற்கெனவே பேனாவால் அடித்திருந்தார். கடையில் தவறுதலாக இரண்டு தடவை பதிந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். அது இல்லை என்று சொல்லி, கம்ப்யூட்டரில் ஆர்டர் எண் வரிசையில் வைத்து ஒவ்வொன்றாகத் தாளோடு ஒப்பிட்டேன். விடுபட்ட வீடு கிடைத்தது. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த ஆர்டர். மயிலத்தில் தாலி கட்டிவிட்டு, குப்பத்திலேயே பந்தல் போட்டுச் சாப்பாடு. அண்டா, இட்லிக் குண்டான், கரண்டி, நாற்காலி எல்லாமும் கேட்டிருந்தார்கள். அன்று இரவே சமையல் தொடங்க வேண்டிய வீடு. வண்டியில் அவர்களுக்கென்று ஒரு கரண்டிகூட ஏறவில்லை.

அக்கா ஒரு நிமிடம் தலையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, எந்த வண்டி அந்தப் பக்கம் போகிறது, அதில் எதை இறக்கிவிட்டு எதை ஏற்றுவது என்று ஆட்களிடம் சொல்ல ஆரம்பித்தார். ஜல்தி, ஜல்தி என்று குரல் கொடுத்தார். சாமான் மதியத்துக்குள் கிளம்பிவிடும் என்பது உறுதியானது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வந்து அவனைத் திட்டப்போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

திரும்பி வந்து அவனுக்கு போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். அவன் பதறிப்போனான், வண்டி போய்விட்டதா, தான் உடனே பைக்கில் கிளம்பி வரட்டுமா என்று கேட்டான். எதனால் இப்படி ஆனது என்றே தனக்குத் தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னான். நான் அங்கே இருப்பதை அறிந்ததும், அப்படியானால் ஆபீஸ் அக்காவே அதைச் சரிசெய்துவிடட்டும், நாளைக்குத் தனக்கும் சொல்லிக்கொடுக்கட்டும் என்றான். குரலில் நிம்மதிதான் இருந்தது. ஒரு சுணக்கம் இல்லை. தெரியாது என்ற வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அந்த வார்த்தையை நான் சொல்லிப் பல வருடம் ஆகிறது.

அக்கா திட்டவில்லை. "விடுப்பா, ஆனது ஆச்சி. சாப்பாட்டு நேரத்துல பட்டினி கிடந்துக்கினு இதையே நினைக்காத" என்று சொல்லி வைத்தார். தப்புச் செய்தவனுக்குச் சோறு சாப்பிடச் சொல்லிப் புத்திமதி. கண்டுபிடித்தவள் வெறும் டீயோடு உட்கார்ந்திருக்கிறேன்.

கவிழ்த்துப் போட்ட ஒரு அண்டாவின் மேல் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே சரிசெய்தேன். யார் எந்தத் தலைப்பைத் தொட்டாலும் சரி, அதற்குப் பின்னால் ஆர்டர் எண்ணும் சேர்ந்தே போகும்படி ஒரே ஒரு வரி. அம்புக்குறிகள் அப்படியே இருந்தன. நான் செய்தது திரையில் எங்கேயும் தெரியாது. அவன் செய்தது ஒவ்வொரு தலைப்பின் தலையிலும் உட்கார்ந்திருக்கும். அதை நினைத்ததும் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"மூணு வருஷத்துல என் லிஸ்ட்ல ஒரு நாளாவது இப்பிடி ஆயிருக்குதாக்கா?"

"இல்லம்மா."

"அப்புறம் அவன் அம்புக்குறி வச்சதும் அதையே புடிச்சிக்கினீங்க. எனக்கு ஒரு போன்கூட இல்ல."

அக்கா கரண்டிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். என் குரல் அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தம்பி தானா வைக்கலம்மா. நான்தான் கேட்டேன்" என்றார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீ போன எடுத்தாலே சொல்லுங்க, சொல்லுங்கன்னுவ. ஒரு கையில கம்பி, ஒரு கையில போனு. பக்கத்துல கண்டக்டர் கத்திக்கினு இருப்பாரு. தெனமும் இந்தப் பொண்ண இப்பிடி பேஜாரு பண்றமேன்னு இருந்துது. அந்தத் தம்பி சும்மா சிரிச்சிக்கினு இருக்குது, எத்தினி வாட்டி கேட்டாலும் கோச்சிக்காது. அதான் அதுகிட்ட சொன்னேன், எனக்கே மாத்திக்கிறாப்ல பண்ணிக் குடுப்பா, பாவம் அவள தொந்தரவு பண்ண வேணாம்னு."

கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. அந்த அம்புக்குறியை ஒரு மாதமாக அவன் என்னிடமிருந்து பிடுங்கிய பொருளாகத்தான் நினைத்திருந்தேன். அது எனக்காகக் கேட்டு வாங்கியதாம். என்மேல் இரக்கப்பட்டு. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரக்கப்பட வேண்டிய ஆளாக என்னையும், உரிமையோடு தொந்தரவு கொடுக்கக்கூடிய ஆளாக அவனையும் அவர் பிரித்து வைத்திருக்கிறார். மூன்று வருடம் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அவன் ஒரு சிரிப்போடு நடந்து போய்விட்டான். முன்பு அவன் வேலையைப் பார்த்துத்தான் எரிந்தது. இப்போது வேறு எங்கோ எரிந்தது.

ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லவே மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தொந்தரவெல்லாம் இல்லக்கா. நீங்க கூப்புடுங்க" என்றேன்.

"கூப்புடறேன். அதுக்கென்ன" என்றார் அக்கா. கரண்டிக் கட்டைத் தூக்கி வண்டியில் போட்டார்.

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. குப்பத்துக் கல்யாண வீட்டில் சாமான் வந்து இறங்கியது, விருந்து நடந்தது. மறுநாள் அலுவலகத்தில் அவனுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தேன். ஆர்டர் எண்ணைப் போட்டதற்கு இதுதான் காரணமா, அழகுக்காக அக்கா போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன் என்றான். முதலாளி வந்ததும் தானாகவே போய், அக்கா இல்லையென்றால் மானம் போயிருக்கும் என்று சொன்னான். நல்ல பெயரையும் அவன்தான் எனக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் எரிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை, பேருந்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். முண்டியம்பாக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வேறு ஏறினார்கள். கைப்பேசியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். டோல்கேட் தாண்டியது. அடித்தது.

திரையில் அவர் பெயர். அந்த அவசரத்தில் எடுத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றேன்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பஸ்ஸுல கூட்டமாம்மா? ஒண்ணும் இல்ல, சும்மாதான் போட்டேன். நீ பாத்துப் போ" என்றார் அக்கா. இல்லக்கா, பேசுங்க, பேசுங்க என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

சும்மாதான். வரிசை மாற்ற இல்லை, ஊர்வாரியாகப் போட இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, எந்த வேலையும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

உடனே திரும்ப அழைத்தேன். அவர் வேறு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. கூட்டேரிப்பட்டில் மறுபடி அழைத்தேன். அதே குரல். திண்டிவனத்தில் இறங்கி, நடந்துகொண்டே அழைத்தேன். அப்போதும் அதுதான். செல்போன் கடைக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு தடவை முயன்றுவிட்டு மாடியேறினேன்.

அவன் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, போனைக் காதில் வைத்து, கண்ணை மூடி எதையோ ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையசைத்தான். அந்தப் பக்கம் பேச்சு ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். அவன் அவசரமே இல்லாமல், "சொல்லுங்கக்கா" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.